கருங்கல்லா, சுண்ணாம்பா, டைல்ஸா? சென்னையின் கற்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பளிச்சென்று தெரிகிறது ரிப்பன் மாளிகை. 'முழுக்க வெள்ளைக் கல்லுப்பா' என்பார்கள் சிலர். உண்மையில் 1913-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அப்படியானால் எது கல், எது கல் மாதிரி?

சென்னையின் சொந்தக் கல் எது?

பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கும் கரும் சாம்பல் நிறக் கருங்கல். பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். உடைந்த முகப்பில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு தெரியும். கத்தியால் கீறினாலும் கோடு விழாது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில்?

அங்குள்ள தேசியக் கலைக்கூடத்தின் இளஞ்சிவப்பு முகப்பு, சத்தியவேடு மணற்கல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் மணல் துகள்கள் தெரியும்.

வீட்டுக்குள் எப்படிப் பார்ப்பது?

ஓரத்தைப் பாருங்கள். இயற்கைக் கல்லில் மேலே ஓடும் வரி பக்கவாட்டிலும் இறங்கும். சாதாரண டைல்ஸில் டிசைன் மேல்பூச்சோடு நின்றுவிடும். நாலைந்து டைல்ஸைப் பக்கம் பக்கமாக வைத்தால், ஒரே வரி அச்சுப் பிசகாமல் திரும்ப வருவதும் தெரிந்துவிடும். மொசைக் தரை இரண்டும் கலந்தது: கல் நிஜம், அதைப் பிடித்திருக்கும் சிமென்ட் மனிதன் செய்தது. சமையல் மேடைக்கு வரும் குவார்ட்ஸ் பலகையும் அப்படித்தான்; குவார்ட்ஸ் தூளை ரெசினில் இறுக்கியது.

மார்பிளா, கிரானைட்டா என்று சந்தேகமா? கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, உடனே துடைத்துவிடுங்கள். மார்பிளும் கடப்பா கல்லும் மெல்ல நுரைக்கும், மினுமினுப்பும் மங்கும். கிரானைட் அசையாது.

தெரிந்து என்ன லாபம்?

கறை போகட்டும் என்று மார்பிள் தரையில் ஆசிட் ஊற்றினால், கறையோடு பளபளப்பும் போய்விடும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உளுத்துப்போகும். தாத்தா கட்டிய வீட்டுக்கு மேஸ்திரியைக் கூப்பிடும் முன், சுவரில் இருப்பது எது என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.