பெரணியைப் பேணுவோம்

பூவும் விதையும் இன்றியே ஆண்டு முழுவதும் பசுமையாக விளங்குவது பெரணி. தொட்டிகளில் நாம் வளர்க்கும் நெஃப்ரோலெபிஸ் இவ்வினத்தைச் சேர்ந்தது.

தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லுகளைப் பரப்பி, தோட்ட மண், இலைமக்கு, மணல் மூன்றையும் சமமாகக் கலந்து இட்டு நடுகிறோம். நேர் வெயில் இலைகளைக் கருக்கிவிடும். தாழ்வார நிழலே ஏற்றது. மண் ஈரமாக இருக்கவேண்டும்; நீர் தேங்கக்கூடாது.

இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகளைக் கண்டதும், நோயென்று கருதிப் பலர் கிள்ளி எறிகின்றனர். சிற்றிலைகளில் ஒழுங்கான வரிசையாக இருப்பவை ஸ்போர்கள் நிறைந்த கொத்துகளே! ஈர மண்ணில் விழும் ஸ்போர், இதய வடிவச் சிறு தகடாக வளர்கிறது. அதில் நீரின் உதவியால் கருவுறுதல் நிகழ்ந்து புதுப் பெரணி தோன்றுகிறது. தண்டிலும் இலையிலும் தாறுமாறாக ஒட்டியிருப்பவையே செதில் பூச்சிகள்.

ஆகவே தோழியரே, கிள்ளுமுன் இலையைத் திருப்பி நன்கு பார்ப்போம். நோயெனத் தோன்றுவது அடுத்த தலைமுறையாக இருக்கலாம்!