வீட்டு இணையக் கருவிகள்

வீட்டு இணையக் கருவிகள் என்பவை, இணையச் சேவை நிறுவனம் தரும் இணைப்பை வீட்டிலுள்ள கணினி, கைபேசி, தொலைக்காட்சி முதலியவற்றுக்குக் கொண்டு சேர்க்கும் கருவிகள் ஆகும். மோடம், ரவுட்டர் எனப்படும் திசைவி, வைஃபை அணுகல் புள்ளி ஆகியன இவற்றுள் முதன்மையானவை. பல வீடுகளில் இவை மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஒரே கருவியாகக் கருதப்படுகின்றன. எனினும் ஒவ்வொன்றின் பணியும் வேறு. வேகம் குறையும்போது குறை எங்குள்ளது என்பதை அறிய இவ்வேறுபாடு உதவும்.

மோடமும் ஒளியிழை முனையமும்

தொலைபேசிக் கம்பி அல்லது கேபிள் வழியாக வரும் குறிகையைக் கணினிக்கு ஏற்ற தரவாக மோடம் மாற்றுகிறது. ஒளியிழை இணைப்பில் இப்பணியைச் செய்வது ஓஎன்டி எனப்படும் ஒளியிழை முனையம். பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில், வீட்டுக்கு வரும் தரவு 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும், வீட்டிலிருந்து செல்லும் தரவு 1310 நானோமீட்டர் அலைநீளத்திலும் ஒரே இழையில் பயணிக்கின்றன. முனையத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை அறுந்தோ, அளவுக்கு மீறி மடங்கியோ, செருகி கழன்றோ இருக்கலாம்.

ரவுட்டர்

சேவை நிறுவனம் ஒரு வீட்டுக்குப் பொதுவாக ஒரே ஐபிவி4 முகவரியைத் தருகிறது. ரவுட்டர், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி உள்முகவரி கொடுத்து, அந்த ஒரே முகவரியை அனைத்தும் பகிர்ந்துகொள்ளச் செய்கிறது. இவ்வுள்முகவரிகள் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும்.

வைஃபையும் வடமும்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தொலைவுக்குச் செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிக்கது. ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். கான்கிரீட் சுவரும் இரும்பு அலமாரியும் இரண்டுக்குமே தடை. எனவே ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில், உயரமான திறந்த இடத்தில் வைப்பது நன்று.

கேட் 5ஈ வகை ஈதர்நெட் வடம் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். ஆனால் ரவுட்டரின் துளை 100 மெகாபிட் வகையாக இருந்தால், 300 மெகாபிட் திட்டம் பெற்றாலும் அத்துளையில் 100 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்காது.

குறையறிதல்

கணினியை ரவுட்டருடன் வடத்தால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். திட்டத்தில் கூறிய வேகம் வடத்தில் கிடைத்து, வைஃபையில் மட்டும் கிடைக்காவிட்டால் குறை வீட்டுக்குள் உள்ளது. அந்நிலையில் கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவதால் பயனில்லை. ரவுட்டரின் இடத்தை மாற்றுவதோ, இன்னோர் அணுகல் புள்ளி சேர்ப்பதோ தீர்வாகும். வடத்திலும் வேகம் குறைவாக இருந்தால் முதலில் துளையின் வகையையும் வடத்தையும் சரிபார்த்து, பின்னர் சேவை நிறுவனத்திடம் முறையிடலாம்.