கமரா காண்பது வாகனத்தை, சாரதியை அல்ல

இலங்கையில் வீதி விதிமீறல்களைக் கமரா மூலம் கண்டறிந்து வழக்குத் தொடரும் நடைமுறை, 2024 ஜனவரி 22ஆம் திகதி கொழும்பு நகரில் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பொலிஸார் திரையில் தெரியும் விதிமீறலைப் பதிவு செய்கிறார்கள். இலக்கத் தகட்டைக் கொண்டு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் உரிமையாளரைத் தேடுகிறார்கள். அவர் வசிக்கும் பகுதியின் பொலிஸ் நிலையம் ஊடாக அறிவித்தல் போய்ச் சேருகிறது. ஆகவே, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் மாத்தளை மாவட்ட லொறிக்கும் இது பொருந்தும்.

இதன் தேவையை மறுக்க முடியாது. நாட்டின் வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் உயிரிழக்கின்றனர். கமரா கையூட்டு வாங்காது. செல்வாக்குள்ளவரின் தொலைபேசி அழைப்புக்கும் பணியாது.

எனினும், பழைய முறையில் இருந்த சில பாதுகாப்புகள் இதில் தாமாக வந்து சேர்வதில்லை. ஏ-9 வீதியில் நாவுல அருகே வேகமாகச் சென்ற ஒருவரைப் பொலிஸார் மறித்தால், அவரது சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரத்தைக் கொடுப்பார்கள். அதுவே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் செல்லும். தபாலகத்தில் பணம் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். குற்றத்தை ஏற்காதவர் நீதிமன்றம் செல்லலாம். வண்டியை ஓட்டியவர் யார் என்பதில் அங்கே ஐயம் இல்லை. குற்றச்சாட்டையும் அவர் அந்த இடத்திலேயே அறிந்துகொள்கிறார்.

கமராவுக்குத் தெரிவது இலக்கத் தகடு. லொறியின் உரிமையாளர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர் என்பது மாத்தளையில் அன்றாட வழக்கம். பெயர் மாற்றாமல் ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறிய மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் உண்டு. அத்தகைய வண்டி விதி மீறினால், அதை எப்போதோ விற்றவரின் வீட்டுக்கே அறிவித்தல் வரும். தான் ஓட்டவில்லை என்று காட்டும் சுமை அவர்மீது விழுகிறது.

குற்றவாளி என நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதியே என்கிறது அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை. குறிப்பிட்ட சில விடயங்களை நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் மூலம் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது சுமத்தலாம் என்றும் அதுவே கூறுகிறது. இதன் எல்லை குறித்து உலக நீதிமன்றங்கள் ஒரே கருத்தில் இல்லை. ஓட்டியவர் யாரென உரிமையாளர் சொல்ல வேண்டும் என்ற பிரித்தானியச் சட்டத்தை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2007இல் ஏற்றது. உரிமையாளரே ஓட்டினார் எனக் கருதிய சென்ட் லூயிஸ் நகரக் கமராச் சட்டத்தை, அமெரிக்காவின் மிசூரி உச்ச நீதிமன்றம் 2015இல் செல்லாது என்றது.

மாத்தளைத் தமிழருக்கு மொழியும் ஓர் உரிமைப் பிரச்சினை. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரசிடமிருந்து தமிழில் தொடர்பாடலைப் பெற 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தோட்டத் தொழிலாளி ஒருவருக்குப் படிக்க முடியாத மொழியில் தண்ட அறிவித்தல் வந்தால், மறுக்கும் வாய்ப்பு இருந்தும் அவருக்குப் பயனில்லை.

தனியுரிமையும் இத்தகைய உரிமைப் பிரச்சினைகளில் ஒன்று. விதி மீறியவரைப் படம் பிடிக்கும் கமரா, மீறாதவரையும் படம் பிடிக்கிறது. இலக்கத் தகடுகளைத் தொடர்ந்து சேமித்தால், ஒருவர் எந்நாளில் எந்தக் கோவிலுக்கு, எந்த வைத்தியசாலைக்கு, எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்பது தெரிந்துவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு அடித்தளம் இட்டது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது.

கமரா மாவட்டங்களுக்குப் பரவும்போது அதனுடன் சில விதிகளும் வர வேண்டும். அறிவித்தலோடு படமும் நேரமும் இடமும் தரப்பட வேண்டும். வேகம் அளக்கும் கருவியின் துல்லியச் சான்றிதழைக் கேட்டுப் பெற வழி வேண்டும். வண்டி விற்றதை எளிதாக நிரூபிக்க இயல வேண்டும். குற்றமற்ற பதிவுகள் குறுகிய காலத்தில் அழிக்கப்பட வேண்டும். மறுப்பவர் கொழும்புக்கு அலையாமல், மாத்தளை நீதவான் நீதிமன்றத்திலேயே தமிழில் தன் பக்கத்தைச் சொல்ல முடிய வேண்டும். வீதியில் உயிரைக் காக்கும் கடமையை அரசு இவற்றுடன் சேர்த்தே நிறைவேற்ற முடியும்.