ஆடுது பார், ஹேண்டில் பார்!

தேசிங்கு ராஜாவின் குதிரைக்கு டயர் மாற்றுகிற தொல்லை இல்லை. லாடம் தேய்ந்தால் ஆளைக் கூப்பிட்டு நாலு ஆணி அடித்தால் தீர்ந்தது. நாலு மூலைக்கு நாலு கால் இருந்ததால் பேலன்ஸ் பிரச்னையும் கிடையாது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி ராஜா செத்துப்போனபோது வயது 22 என்கிறார்கள். செஞ்சிக்காரர்கள் அந்தக் கதையை நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள்.

இன்றைக்கு செஞ்சியில் 22 வயசுப் பையன்களுக்கெல்லாம் இரண்டு சக்கரம்தான். ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போகிறதே திருவண்ணாமலை ரோடு, அங்கே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்குப் போகிற வண்டிகள். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு. போதாக்குறைக்கு 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் வரிசையில் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. (1677-ல் சிவாஜி பிடித்த கோட்டையாயிற்றே!) அதனால் ஞாயிற்றுக்கிழமை செல்ஃபி கோஷ்டி வேறு.

இத்தனை வண்டிக்கும் ரோட்டுக்கும் உள்ள சொந்தம் எவ்வளவு தெரியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன் சக்கரத்தின் மேல் 70 கிலோ பாரம், உள்ளே 25 பவுண்டு காற்று என்றால், டயர் தரையைத் தொடுகிற இடம் சுமார் 40 சதுர சென்டிமீட்டர். சீட்டுக்கட்டுச் சீட்டு ஒன்றை எடுத்துத் தரையில் வையுங்கள். அதைவிடச் சின்னது! அந்தத் துண்டை நம்பித்தான் பெண்டாட்டி, பிள்ளை, டிபன் கேரியர் எல்லாம்.

விழுப்புரத்தில் எங்கள் ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் அப்படித்தான் போவார். பௌர்ணமி தவறாது. பின்னால் மனைவி, முன்னால் டாங்க் மேல் நாலு வயசுப் பெண். முன் டயர் மொட்டையாகிவிட்டது என்று புதுசு போட்டார். போட்ட நாளிலிருந்து ஒரு புது வியாதி.

"அம்பது வரைக்கும் ஒண்ணுமில்ல சார். அறுபதத் தாண்டினா ஹேண்டில் பார் சாமி ஆடுது."

முதலில் ரோடு சரியில்லை என்றார். பிறகு தன் கைதான் நடுங்குகிறது என்று டாக்டரிடம் போய் பி.பி. பார்த்துக்கொண்டார். கடைசியாக அஷ்டமச் சனி என்று முடிவு கட்டி எள் விளக்குப் போட ஆரம்பித்தார். டயரை மட்டும் சந்தேகப்படவே இல்லை. புது டயர் ஆச்சே!

ஒரு சனிக்கிழமை கோட்டை பார்க்கப் போகலாம் என்று அவர் வண்டியில் நான் பின்னால். வழியெல்லாம் நானும் அந்த ஆட்டத்தை அனுபவித்தேன். செஞ்சி வந்ததும் ரோட்டோர பஞ்சர் கடை ஒன்றில் நிறுத்தச் சொன்னேன். தகரக் கொட்டகை, ஒரு கம்ப்ரஸர், பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி. போர்டுக்குப் பதிலாக மரத்தில் ஒரு கிழட்டு டயர் தொங்கியது. கடைக்காரருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, "சார், நீங்க பின்னாடி ஏறி உக்காருங்க" என்றார். நான் உட்கார்ந்ததும் முன் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. என் உடம்பு ஒரு தொழிலுக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயரும் ரிம்மும் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் விரலை நீட்டிக்கொண்டு பார்த்தார்.

"டயரு எப்ப மாத்துனீங்க தம்பி?"

"ரெண்டு வாரம் ஆச்சுண்ணா."

"மாத்துனவன் பசி நேரத்துல மாத்திருக்கான். இந்தக் கோட்டப் பாருங்க."

டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி மெல்லிசாக ஒரு கோடு சுற்றி வரும். உங்கள் வண்டியிலும் இருக்கிறது, குனிந்து பாருங்கள். ரிம்மிலிருந்து அந்தக் கோடு சுற்றளவு முழுக்க ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். நண்பரின் டயரில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடே காணோம், ரிம்முக்குள் போய்விட்டது! அதாவது அந்த இடத்தில் டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காரவே இல்லை. வட்டமாக இருக்க வேண்டிய சக்கரம் அங்கே ஒரு பக்கம் அமுங்கி ஓடியிருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, குழந்தையோடு.

சக்கரத்தைக் கழற்றினார். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் கண்கொட்டாமல் பார்த்தேன். வால்வின் பின்னைத் திருகி எடுத்துக் காற்றை முழுக்க இறக்கினார். ஏறி நின்று குதிகாலால் அழுத்தி டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரித்தார். லீவர் போட்டு நெம்புவதற்கு முன்னால், எதிர்ப்பக்கத்து விளிம்பை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினார். தொழில் ரகசியமே இதுதான். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருப்பதே இதற்காகத்தான். ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கம் நாலு விரல் இடம் கிடைக்கும். லீவர் வெண்ணெயில் போகிற மாதிரி போகும். இதைத் தெரியாமல் பலத்தைக் காட்டுகிறவர்கள்தான் ரிம்மை நெளித்து, டியூபைக் கிள்ளி, புது டயரோடு புது பஞ்சரும் இலவசமாகத் தருகிறார்கள்.

ரிம்மின் உள்ளே சுற்றியிருந்த ரப்பர் பட்டையை விரலால் தடவி ஸ்போக் கம்பி ஏதாவது குத்துகிறதா என்று பார்த்தார். டியூபில் பவுடர் போட்டு லேசாகக் காற்றடித்து, சுருங்காத உருவத்தில் உள்ளே வைத்தார். டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும், உருள வேண்டிய திசைக்கு. அதைச் சரிபார்த்தார். விளிம்பு முழுக்க சோப்புத் தண்ணீர். கடைசியாக உள்ளே போக வேண்டிய பாகம் வால்வு இருக்கிற பக்கம். அங்கே வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளி, டியூப் மாட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் லீவர். காற்றடித்ததும் 'டப்'பென்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டப்'. விளிம்பு ரிம்மில் ஏறிவிட்டது. கோடு சுற்றிலும் ஒரே தூரம்.

"ஏறலேன்னா?" என்று கேட்டேன்.

"எறக்கிட்டு, சோப்பு தடவி, மறுபடி அடிக்கணும் சார். ஏறல ஏறலன்னு காத்த மேல மேல அடிக்கிறவனுக்கு ஒருநாள் வெரல் இருக்காது."

இதுவரை அவர் ராஜ்யம். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது. "பேலன்ஸ் பார்ப்பீங்களா?" என்றேன். "பேலன்ஸா? அது காருக்கு சார்!" என்று சிரித்துவிட்டார். நம் சின்ன ஊர்களில் எந்தக் கடையில் கேட்டாலும் பெரும்பாலும் இந்தப் பதில்தான். இது தப்பு. காரில் நாலு சக்கரம். ஒன்று ஆடினால் மற்ற மூன்றும் தாங்கும். பைக்கில் முன்னால் ஒன்றே ஒன்று!

கொஞ்சம் விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், பரீட்சை இல்லை. நூறு சிசி வண்டியின் 18 இஞ்ச் சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குக் கிட்டத்தட்ட 12 சுற்று சுற்றுகிறது. ரிம்மில் ஒரு பக்கம் வெறும் 18 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது வெளியே இழுக்கிற இழுப்பு சுமார் இரண்டே கால் கிலோ. விநாடிக்கு 12 தடவை யாரோ இரண்டே கால் கிலோ சுத்தியலால் ஃபோர்க்கைத் தட்டிக்கொண்டே வருகிற மாதிரி. அதே 18 கிராம் 40 கிலோமீட்டர் வேகத்தில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. ஊருக்குள் சாதுவாக இருக்கிற வண்டி ஹைவேயில் சாமியாடுவது இதனால்தான்.

இதைப் பார்க்க மெஷின் வேண்டும் என்பதில்லை. பைக் சக்கரம் ஒல்லி. அதற்கு ஆக்ஸிலே போதும். கடைக்காரரிடம் இரண்டு ஸ்டூல் வாங்கினேன். பிரேக் டிரம் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆக்ஸிலைச் செருகி, அதன் இரண்டு முனைகளையும் ஸ்டூல்களின் மேல் வைத்தோம். நடுவில் சக்கரம் தொங்கியது. மெதுவாகச் சுற்றிவிட்டால், கனமான பக்கம் கீழே வந்துதான் நிற்கும். ராட்டினத்தில் குண்டு மாமா உட்கார்ந்த தொட்டி மாதிரி. மூன்று தடவை சுற்றினோம், மூன்று தடவையும் அதே இடம் கீழே. கடைக்காரர் சிரிப்பதை நிறுத்தினார்.

நேர் மேலே சாக்பீஸால் குறி. அங்கே எவ்வளவு எடை ஏற்றினால் சமமாகும்? கல்லாவைத் துழாவினார். பழைய கனமான ஐந்து ரூபாய் வெள்ளைக் காசு ஞாபகம் இருக்கிறதா? 1990-களில் பஸ்ஸில் கொடுத்தோமே, அது சரியாக 9 கிராம். ஒன்றை டேப்பால் ஒட்டினோம், போதவில்லை. இரண்டாவதையும் ஒட்டினோம். சக்கரத்தை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நின்றது! ஆக 18 கிராம். காசு ஒட்டியபடி ரோட்டில் போக முடியாது, பறந்துவிடும். பற்றவைக்கிற ஈயக் கம்பியை எதிர்த்த அடகுக் கடைத் தராசில் 18 கிராம் நிறுத்து வாங்கி வந்து, குறி போட்ட இடத்து ஸ்போக்கின் அடியில் இறுக்கிச் சுற்றினார். (அடகுக் கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.) அலாய் சக்கரமாக இருந்தால் ஒட்டுகிற எடைகளே விற்கின்றன. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் லீவரைத் தொடக் கூடாது. பேட் இரண்டும் சேர்ந்துகொண்டு சக்கரத்தை மறுபடி உள்ளே விடாது.

சில டயர்களில் மஞ்சளாக ஒரு பொட்டு இருக்கும். அழகுக்கு இல்லை. டயரில் லேசான இடம் அதுதான் என்று கம்பெனிக்காரர் வைத்த அடையாளம். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் வால்வின் கனத்தை அது ஈடுகட்டிவிடும். பாதி வேலை காசில்லாமல் முடிகிறது.

எல்லா ஆட்டத்துக்கும் இதுவே மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். ரிம்மில் கோட்டம் இருந்தால் முதலில் கோட்டம் எடுக்க வேண்டும். சக்கர பேரிங் தேய்ந்திருந்தாலோ, ஹேண்டில் பார் கழுத்தில் இருக்கிற கோன்செட் தளர்ந்திருந்தாலோ ஈயத்தைக் கிலோக் கணக்கில் சுற்றினாலும் பிரயோஜனமில்லை. பள்ளத்தில் விழுந்த சக்கரத்துக்கு ஈயம் சுற்றி அனுப்புகிற கில்லாடிகளும் உண்டு. ஜாக்கிரதை.

ஒரு வேடிக்கை. காற்றடைத்த டயரை உலகத்துக்குக் கொண்டுவந்த டன்லப், கால்நடை டாக்டர்! 1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் தன் பையனின் மூணு சக்கர சைக்கிள் குலுங்காமல் இருக்கட்டும் என்று செய்தார். 40 வருஷத்துக்கு முன்னாலேயே தாம்சன் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. நம் ஊரிலும் குழந்தை விளையாட்டில்தான் ஆரம்பம்: 1946-ல் திருவொற்றியூரில் மாமன் மாப்பிள்ளை ஆரம்பித்தது பலூன் கம்பெனி. அதுதான் எம்.ஆர்.எஃப். புல்லட் செய்த என்ஃபீல்டு தொழிற்சாலையும் அதே திருவொற்றியூர்.

இந்த இடத்தில் கொஞ்சம் கசப்பான எண் ஒன்று. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். எல்லாம் டயரால் இல்லை. வேகமும் ஹெல்மெட் இல்லாததும்தான் பெரிய எமன்கள். ஆனால் ஆடுகிற முன் சக்கரத்தோடு, மழை ரோட்டில், நாய் குறுக்கே வரும்போது பிரேக் பிடிக்க வேண்டியிருந்தால்? நண்பர் அதுவரை யோசிக்கவில்லை. கடைக்காரர் மாட்டி முடிக்கிறவரை டாங்க்கின் மேல், பெண் உட்காருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புது டயர் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். 1824 என்றால் 2024-ஆம் வருஷம் 18-வது வாரம் செய்தது. கடை மூலையில் வருஷக்கணக்கில் வெயில் காய்ந்த டயரை 'புத்தம் புதுசு சார்' என்று தள்ளிவிடுவார்கள், எண்ணைப் பாருங்கள். பழசை எப்போது மாற்றுவது? பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுசு முடிந்தது. மாட்டியதும் ஒரு நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். புது ரப்பர் வழுக்கும்.

திரும்பும்போது திண்டிவனம் ரோட்டில் ஒரு சுற்று போய்ப் பார்த்தோம். அறுபது. எழுபது. நண்பர் ஒரு கையை எடுத்துவிட்டு "சார், பாருங்க!" என்றார். இரண்டு கையையும் வைத்து ஓட்டச் சொல்லிக் கத்தினேன்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது கடைக்காரர் பக்கத்து வெல்டிங் பட்டறையில் இரும்பில் இரண்டு ஸ்டாண்டு செய்து வைத்திருந்தார். தொங்குகிற டயரில் பெயின்ட்டில் 'வீல் பேளன்ஸ் பாக்கப்படும்'. எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். ஏழு பேராம். அதில் ஒருத்தர் என் பக்கத்து மேஜைக்காரர், பின் சக்கரத்துக்காக.