உங்களுக்குத் தெரியுமா? பழைய கணினியைக் கொடுக்கும் முன்

நெய்வேலியில் ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறும். பழைய கணினி, படிக்கிற பிள்ளை யாருக்காவது போகும். இல்லையென்றால் காயலான் கடைக்கு. பிள்ளைக்குக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் ஆதார் நகல், பி.எஃப். கணக்கு, வங்கி விவரம், கல்யாணப் படங்கள் எல்லாம் அதிலேயே இருக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டதால், பல வீடுகளில் கணினி கைமாறும் நேரம் இது.

● ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் கோப்பு அழியாது. அந்த இடம் காலி என்று கணினி குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை, மேல்மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடப்பதுபோல் அது கிடக்கும். தோண்டி எடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

● அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வு மாணவர்கள் கார்ஃபிங்கலும் ஷெலட்டும் 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்தார்கள். வேலை செய்தவை 129. முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஒரு டிஸ்க் ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்ததாம்! 

● நெருப்பில் போட்டால் போதுமா? 2003-இல் கல்பனா சாவ்லா பயணித்த கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறியது. அதிலிருந்து விழுந்த ஒரு ஹார்ட் டிஸ்க் கருகி, உருக்குலைந்து கிடைத்தது. அதிலிருந்த தகவலில் சுமார் 99 சதவீதத்தை வல்லுநர்கள் மீட்டுவிட்டார்கள்.

● சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால் வழி எளிது. வேண்டியதை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்', அதற்குள் 'கிளீன் டேட்டா' என்பதையும் இயக்குங்கள். கடைசியில் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சில மணி நேரம் ஓடும், பொறுத்திருங்கள். 35 தடவை மேலெழுத வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றிலிருந்து பரவிய பேச்சு. இன்றைய டிஸ்க்குகளுக்கு முழுவதும் ஒரு தடவை எழுதினாலே போதும்.

● ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி வேறு ரகம். ஒரே இடம் தேயாமலிருக்க அது எழுதும் தகவலை வெவ்வேறு நினைவகச் செல்களுக்குப் பிரித்து அனுப்பும். ஆகவே மேலெழுதினாலும் பழைய துணுக்குகள் தங்கலாம். தயாரித்த நிறுவனமே தரும் மென்பொருளில் 'செக்யூர் எரேஸ்' இருக்கிறதா பாருங்கள். அதுதான் சரியான வழி.

● பழுதான கணினி என்று அப்படியே எடைக்குப் போடாதீர்கள். கணினி இயங்காவிட்டாலும் டிஸ்க் இயங்கக்கூடும். அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, மற்றதைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.