அரிசி மெல்லும் பழக்கம்

சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே ஒரு பிடியை வாயில் போட்டு மெல்லும் பெண்களைக் கல்முனையிலும் மருதமுனையிலும் பார்த்திருப்பீர்கள். "அது அவட பழக்கம்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அரிசி, ஐஸ்கட்டி, மண் என்று நாக்கு அலைந்தால், உடம்பில் இரும்புச்சத்து வற்றியிருக்கக் கூடும். படியேறினால் மூச்சு வாங்குவதும், நெஞ்சு படபடப்பதும், முடி கொட்டுவதும் அதனாலேயே இருக்கலாம். கீழிமையை இழுத்துப் பாருங்கள். உட்புறம் வெளிறியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

முடிவைச் சொல்ல வேண்டியது இரத்தப் பரிசோதனை. பெண்ணுக்கு ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை, கர்ப்பிணிக்கு 11. பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு உள்ளவர்களுக்கும், இரும்பு வற்றியவர்களைப் போலவே, சிவப்பணு சிறுத்துத்தான் தெரியும். ஆகவே இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீண்டாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். ஓட்டையை அடைக்காமல் குடத்தை நிரப்ப முடியாது.

பேரீச்சம்பழம் சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்பார்கள். நல்ல பழம்தான். ஆனால் 100 கிராமில் இருக்கும் இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராம். 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் குளிசை ஒன்றில் 60 மில்லிகிராமுக்கு மேல். சூரை மீனின் கறுத்த சதை, மாட்டிறைச்சி, முருங்கையிலை எல்லாம் உடம்பைக் காக்கும். வற்றிய பிறகு குளிசை வேண்டும்.

அந்தக் குளிசையை வீணாக்குவது நம் பிளேன்டீ. விழுங்கிய கையோடு ஒரு கோப்பை குடித்தால், தேயிலைச் சாயம் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். குளிசைக்கு முன் ஒரு மணி நேரமும் பின் இரண்டு மணி நேரமும் தேத்தண்ணி வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்குங்கள். கிளினிக்கில் தரும் கல்சியத்தை வேறு நேரத்தில் போடுங்கள். ரமழானில் நோன்பு திறந்ததும் கஞ்சி, தேத்தண்ணி என்று போகும். அதனால் குளிசைக்குத் தராவீஹ் முடித்துப் படுக்கப் போகும் நேரம் தோதானது.

மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள். அப்படிப் போட்டாலும் இரும்பு நன்றாகவே உறிஞ்சப்படுகிறது. மூன்று நான்கு வாரத்தில் தெம்பு வரும். பலரும் குளிசையைக் கைவிடுவது அங்கேதான். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும்.

மாதவிடாய் நின்றுபோன உம்மாவுக்கு இரத்தம் குறைந்தால் குளிசையோடு விட்டுவிடாதீர்கள். வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

குளிசைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பென்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் சின்னப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.