ஆய்வேட்டுக்கு வெளியே – 7
தகவலாளர் பட்டியல்

நாட்டார் வழக்காறுகள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று கையில் கிடைத்தால், அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். பின்னிணைப்பில் 'தகவலாளர் பட்டியல்' என்றொரு அட்டவணை இருக்கும். வரிசை எண், பெயர், வயது, கல்வி, தொழில், ஊர் எனக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். வயது அறுபது, எழுபது என்றிருக்கும். கல்விக் கட்டத்தில் பெரும்பாலும் 'இல்லை'. தொழில், கூலி வேலை. ஆனால் முன்னால் உள்ள அத்தனை பக்கங்களும் அவர்கள் பாடிய தாலாட்டு, அழுத ஒப்பாரி, சொன்ன கதை.

அந்த ஆய்வேட்டைக் கண்ணால் பார்த்தவர் அந்தப் பட்டியலில் எத்தனை பேர்? இந்த வாரம் நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

ஒரு மலையை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அந்த ஒன்றியத்தின் ஊராட்சிகளில் ஒன்று மஞ்சக்குட்டை. காப்பியும் மிளகும் விளைகிற பூமி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் மலையாளிகள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு, ஆளுக்கொரு மலையேறிக் குடியமர்ந்தார்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வம்சக் கதை. தமிழ், வரலாறு, மானிடவியல் படிக்கிற ஆய்வாளருக்கு இங்கே அள்ள அள்ளக் குறையாத செய்தி உண்டு. மலையடிவாரச் சேலத்திலேயே 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இந்த மக்களைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மனிதர்களின் மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தென்னிந்தியக் குலங்கள் பற்றிய அவர் நூலில் மலையாளிகளும் இடம்பெற்றார்கள். நூல் ஆங்கிலத்தில் வந்தது. யாரைப் பற்றி எழுதினாரோ, அவர்களால் அதை வாசிக்க முடியாது. அறிவு மலையிலிருந்து கீழே இறங்கியது. திரும்ப மேலே ஏறவில்லை.

இதே மலையோடு தொடர்புள்ள இன்னொருவரின் கதை வேறு மாதிரி. பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1882இல் ஏற்காட்டில் காலமானார். யாழ்ப்பாணத்தில் அவர் நடத்திய பள்ளியில் படித்து, பிறகு அங்கேயே ஆசிரியரானவர் ஆறுமுக நாவலர். பைபிளைத் தமிழாக்கும் வேலையில் பாதிரியாருக்குத் துணை நின்றவரும் நாவலரே. பாதிரியாருக்கு நல்ல தமிழ் கிடைத்தது. நாவலர் என்ன பெற்றார்? வகுப்பு பிரித்துப் பாடம் நடத்தும் முறை, அச்சேற்றிப் பரப்பும் முறை இரண்டையும் அருகிலிருந்து கண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார்; அடுத்த ஆண்டே அச்சகம் நிறுவினார். மிஷனரிகளிடம் கற்ற வித்தையை அவர்களுக்கு எதிராகவே சைவத்துக்குப் பயன்படுத்தினார். பெர்சிவலும் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு வந்து 1855இல் 'தினவர்த்தமானி' என்ற தமிழ் வார இதழை நடத்தினார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தார்.

இருவரும் கொடுத்தார்கள், இருவரும் பெற்றார்கள். ஊர் வழக்கில் இதற்குப் பெயர் கொடுக்கல் வாங்கல். இன்று பல்கலைக்கழகங்கள் 'அறிவுப் பரிமாற்றம்' என்று பெரிதாகச் சொல்வதும் இதைத்தான்.

பிரிட்டனில் 2005இல் அமைந்த கலை மற்றும் மானிடப் புலங்கள் ஆய்வு மன்றம் இதை ஆய்வுப் பயிற்சியின் பகுதியாகவே வைத்திருக்கிறது. அருங்காட்சியகமும் பல்கலைக்கழகமும் கூட்டாக ஒரு மாணவருக்கு வழிகாட்டும் ஏற்பாடு அங்கே உண்டு. அந்த மாணவர் ஆய்வேடும் எழுதுவார். பொதுமக்கள் நின்று வாசிக்கும் காட்சிப் பலகைக்கு நாலு வரியும் எழுதப் பழகுவார்.

நம் விதிகளிலும் வாசல் திறந்துதான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், எந்தத் துறை ஆய்வாளரானாலும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்றும் சொல்கின்றன. ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தையும் அவை நீக்கிவிட்டன. காசு கொடுத்துக் கட்டுரை போட அலைந்த நேரம் மிச்சமாகியிருக்கிறது. அந்த நேரத்தை என்ன செய்யப் போகிறோம்?

என் யோசனைகள் மூன்று. ஒன்று, களப்பணி செய்த ஊருக்கு, எட்டாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கும் தமிழில், இருபது பக்கத்தில் ஒரு சிறு நூல். இரண்டு, பதிவு செய்த பாட்டும் கதையும் பாடியவர் வீட்டுக்கு ஒரு படி, ஊர்ப் பள்ளிக்கு ஒரு படி. யார் பாடியது, எந்த நாள், எந்தச் சடங்குக்கு உரியது என்ற குறிப்போடு. மூன்று, வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் முடிவுகளை அந்த ஊரிலேயே உட்கார்ந்து சொல்லிக் காட்டுவது. "அப்படி இல்ல தம்பி, இந்தப் பாட்டு எழவுக்குப் பாடறது, கல்யாணத்துக்கு இல்ல" என்று ஒரு பாட்டி திருத்தினால், அது எந்தப் புறத்தேர்வாளரும் செய்ய முடியாத திருத்தம்.

இதில் ஆய்வாளருக்கும் லாபம் உண்டு. பட்டம் பெற்றவர் எல்லாருக்கும் கல்லூரியில் நிரந்தர வேலை இல்லை. கௌரவ விரிவுரையாளராகவே வயது ஏறிப்போகிறவர்களை நாம் அறிவோம். எளிதாக எழுதவும், கூட்டத்தின் முன் பேசவும், ஒலிப்பதிவை முறையாகப் பட்டியலிடவும் பழகியவருக்கு ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம், பதிப்பகம், பாடநூல் பணி என வேறு கதவுகளும் திறக்கும். மஞ்சக்குட்டையில் கற்ற தொழில் சென்னையிலும் சோறு போடும்.

நெறியாளர்களே, ஆய்வாளர்களே, ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டை பைண்டிங் கடையில் கொடுக்கும்போது பல்கலைக்கழகத்துக்கு இத்தனை, நெறியாளருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் பார்ப்பீர்கள். அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டுங்கள். தகவலாளர் பட்டியல் உள்ள பக்கத்தில் அடையாளம் வைத்து, அதை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு மலையேறுங்கள். பட்டியலில் இருப்பவர்களுக்கு அவர்கள் பெயரை வாசித்துக் காட்டுங்கள்.

(தொடரும்)